3-1 பெருசா, 8-3 பெருசா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. "என்ன ஆச்சு, எழுதுறதை விட்டுட்டியா?"ன்னு கேட்ட நாலு பேருக்கும் நன்றி. (நாலுல ரெண்டு பேர் என் சொந்தக்காரங்கன்றது வேற விஷயம்.)

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துட்டு கணக்குப் பாடம்னு ஓடிடாதீங்க. இது ஒரு குட்டையைப் பத்தின பதிவு. நடுவுல கொஞ்சம் கணக்கு வரும். ஆனா இதுல கணக்குல கோட்டை விட்டது நான், சரியாச் சொன்னது கணக்கே போடாத எங்க பெரியப்பா. அதனால தைரியமா படிக்கலாம்.

எங்க ஊர் திருமானூர் ஒன்றியத்துல இருக்கு. அரியலூர்ல ஏறி தஞ்சாவூர் பஸ்ஸுல வந்தா, கொள்ளிடம் பாலத்துக்கு முன்னாடி வர்ற ஊர்தான் திருமானூர். பாலத்தைத் தாண்டினா தஞ்சாவூர் மாவட்டம். ஆத்தங்கரை ஓரமா படுகை நிலம், வாழை, நெல்லுன்னு கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும். அதை மட்டும் பார்த்துட்டு "உங்களுக்கென்னப்பா, ஆத்தங்கரைக்காரங்க"ன்னு சொல்றவங்க நிறைய. ஆத்தை விட்டு வடக்கே வந்தா கரிசலும் செவ்வலும் மாறி மாறி வரும். இன்னும் மேலே போனா சுண்ணாம்புக்கல்லு, சிமெண்ட் ஃபேக்டரி. எங்க ஊர் அந்த நடுவாந்திரத்துல. சித்திரை வைகாசியில கிணத்தை எட்டிப் பார்த்தா நம்ம மூஞ்சி தெரியாது, கல்லுதான் தெரியும்.

2024 கோடையில ஊர்ப் பசங்க ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சாங்க. சிங்கப்பூர்ல இருக்கவங்க, துபாய்ல இருக்கவங்க, திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கவங்கன்னு ஆளாளுக்குப் போட்டு 1,40,000 ரூபாய் சேர்ந்துச்சு. ஊர்ல மூணு குட்டை இருக்கு. ஒன்னைத் தூர்வாரி, அடியில நாலஞ்சு செறிவூட்டும் குழி போட்டு, மழைத்தண்ணிய பூமிக்குள்ள இறக்கணும். கிணறெல்லாம் ஊறணும். இதுதான் திட்டம். மூணையும் செய்யப் பணம் பத்தாது. எந்தக் குட்டைன்னு முடிவு பண்ணணும்.

"அண்ணே, நீங்கதான் கம்ப்யூட்டர்ல மேப் எல்லாம் போடுவீங்களே. எதுல தோண்டணும்னு சொல்லுங்க"ன்னாங்க. மேப் போடுறது எனக்கு வேலை இல்லைங்க, பைத்தியம். சனி ஞாயிறு ஆனா கியூஜிஐஎஸ்ஸைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்துடுவேன். இலவச மென்பொருள், இலவச செயற்கைக்கோள் படம், வீட்டம்மா திட்டுறதும் இலவசம். முதல் முறையா என் பைத்தியத்துக்கு ஒரு பிரயோஜனம் வந்துச்சேன்னு ஒத்துக்கிட்டேன்.

*

மூணு குட்டைய முதல்ல அறிமுகப்படுத்திடுறேன். கோயில் குட்டை ஊர் நடுவுல, சுத்தி வீடுங்க. கீழக் குட்டை நஞ்சை ஓரமா, கரிசல் மண்ணுல. மாடு குளிப்பாட்டுறது, எருமை ஊறுறது எல்லாம் அங்கதான். மேட்டுக் குட்டை ஊருக்கு மேக்கால, செவ்வல் பூமியில. மழை பெஞ்சா ரொம்பும், பத்து நாள்ல காஞ்சுடும். சின்னப் புள்ளைங்க அதுல கிரிக்கெட் ஆடும். "ஓட்டைக் குட்டை"ன்னு ஊர்ல ஒரு பட்டப்பேர் கூட உண்டு. (இந்தப் பட்டப்பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வேணும்.)

இந்த மாதிரி "எங்க தோண்டலாம்" மேப்புக்கு ஒரு வழக்கமான செய்முறை இருக்கு. சரிவு ஒரு அடுக்கு, மண் ஒரு அடுக்கு, நிலத்துல என்ன இருக்குன்றது ஒரு அடுக்கு, ஓடை எவ்வளவு தூரம்ன்றது ஒரு அடுக்கு. ஒவ்வொன்னுக்கும் 1ல இருந்து 5 வரைக்கும் மார்க் போடணும். எது முக்கியமோ அதுக்கு எடை கூட்டணும். எல்லாத்தையும் ஒன்னு மேல ஒன்னு வச்சுக் கூட்டினா, எந்தக் கட்டத்துக்கு மார்க் அதிகமோ அங்க தோண்டலாம். கேக்க சுலபமா இருக்குல்ல?

சரிவும் தூரமும் பிரச்சனையே இல்லை. அது பிறவியிலேயே எண்ணு. ஆனா மண்ணு? "கரிசல்"ன்றது ஒரு சொல்லு. "வாழைத்தோப்பு"ன்றது ஒரு சொல்லு. கம்ப்யூட்டருக்கு சொல்லைக் கூட்டத் தெரியாது. சொல்லை எண்ணா மாத்திக் கொடுக்கணும். அந்த இடத்துலதான் நான் வரிசையா வழுக்கி விழுந்தேன்.

முதல் வழுக்கல் சின்னது, சிரிப்புக்குரியது. செயற்கைக்கோள் படத்தை வச்சு தண்ணிக்கு 1, வாழைக்கு 2, வீட்டுக்கு 3ன்னு நம்பர் கொடுத்து ஒரு படம் செஞ்சேன். அந்தப் படத்தோட கட்டம் 10 மீட்டர். உயரம் காட்டுற படத்தோட கட்டம் 30 மீட்டர். ரெண்டையும் ஒரே கட்டத்துக்குக் கொண்டு வரணும். அப்ப மென்பொருள், "பக்கத்துக் கட்டங்களோட சராசரி எடுத்துக்கவா?"ன்னு கேக்கும். எடுத்துக்கோன்னு பெருந்தன்மையா சொல்லிட்டேன்.

படம் வந்துச்சு. கோயில் குட்டையைச் சுத்தி பச்சைப் பசேல்னு ஒரு வளையம். என்னடான்னு பார்த்தா, வாழைத்தோப்பு! நான் பொறந்து வளர்ந்த தெருவுல நான் பார்க்காத வாழைத்தோப்பு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. தண்ணி 1, வீடு 3. ரெண்டுக்கும் நடுவுல இருக்க கட்டத்துக்கு சராசரி 2. 2ன்னா வாழை. அதாவது பாதி தண்ணி, பாதி வீடு சேர்ந்தா வாழைத்தோப்பு ஆயிடும்னு நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். :)

இதுல ஒரு பாடம். உயரத்துக்கு சராசரி எடுக்கலாம். 40 மீட்டருக்கும் 42 மீட்டருக்கும் நடுவுல 41 மீட்டர் நிஜமாவே இருக்கும். பேருக்கு சராசரி கிடையாது. அங்க பக்கத்துல எது இருக்கோ அதை அப்படியே எடுக்கணும், இல்லைன்னா எது அதிகமா இருக்கோ அதை எடுக்கணும்.

நம்ம வண்டி நம்பர் மாதிரிதான் இது. பெரம்பலூர் டிஎன் 46, தஞ்சாவூர் டிஎன் 49, அரியலூர் டிஎன் 61. அதுக்காக அரியலூர்க்காரன் பெரம்பலூர்க்காரனை விட 15 உசத்தின்னு சொன்னா பெரம்பலூர்க்காரங்க சும்மா விடுவாங்களா? அது எண்ணு மாதிரி வேஷம் போட்ட பேரு. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல ஐந்திணைய குறிஞ்சியில இருந்து ஆரம்பிச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க. தொல்காப்பியம் நிலங்களைச் சொல்லும்போது முல்லையில இருந்து ஆரம்பிக்குது. அதனால முல்லை ஒன்னாம் ரேங்க், நெய்தல் கடைசி ரேங்க்னு யாரும் சண்டைக்கு வரலை. சொல்ற வரிசை வேற, உசத்தி தாழ்த்தி வரிசை வேற.

*

ரெண்டாவது வழுக்கல் மண்ணுல. மண் விவரத்துக்கு எங்க போறது? பெரிய அளவுல இருக்க மண் வரைபடத்துல எங்க ஊரே ஒரு கடுகு சைஸ்ல இருக்கும். யோசிச்சேன். நம்ம அ-பதிவேடு! பட்டா சிட்டா பார்க்கிற அதே அரசு இணையதளத்துல சர்வே நம்பரைப் போட்டா வருமே, அது. புல எண், நன்செய் புன்செய், பாசன ஆதாரம்னு வரிசையா இருக்கும். நடுவுல "மண் வயனமும் ரகமும்"னு ஒரு கட்டம். அதுல 3-1, 7-2, 8-3ன்னு எழுதியிருக்கும். அடுத்த கட்டத்துல மண் தரம், அதுக்கடுத்து தீர்வை. நம்ம எல்லார் வீட்டுப் பத்திரப் பையிலயும் இந்தக் காகிதம் இருக்கும். எத்தனை பேர் அந்தக் கட்டத்தைப் படிச்சிருக்கோம்?

கிராம வரைபடத்தை வச்சு இருநூத்துச் சொச்சம் புலத்தையும் கையால வரைஞ்சு, ஒவ்வொன்னுக்கும் இந்த நம்பரை டைப் பண்ணேன். மூணு வாரம் போச்சு. முதல் தடவை கோட்டுக்கு முன்னாடி இருக்க எண்ணை அப்படியே மார்க்கா போட்டுட்டேன். 8 வாங்கினது பெருசு, 3 வாங்கினது சிறுசு. மேப் வந்துச்சு. மேட்டுக் குட்டை பக்கம் நல்லதுன்னு காட்டுச்சு.

அப்பத்தான் வண்டி நம்பர் பாடம் ஞாபகம் வந்து தலையில அடிச்சுக்கிட்டேன். 3, 4, 5ன்னா கரிசல் வகைங்க. 7, 8ன்னா செவ்வல் வகைங்க. 8 செவ்வல் மணல். இது பேரு, மார்க் இல்லை. கோட்டுக்கு அப்புறம் வர்ற எண்ணுதான் வரிசை. அதுலயும் 1 நல்லது, எண் ஏற ஏற மட்டம். சரி, அப்ப எதை வச்சு மார்க் போடுறது? அதான் பக்கத்துலயே "தரம்"னு ஒரு கட்டம் இருக்கே! ஏற்கனவே யாரோ உக்காந்து எல்லா மண்ணையும் வரிசைப்படுத்தி வச்சிருக்கான். நமக்கு வேலை மிச்சம். தரத்துக்கு ஏத்த மாதிரி, தீர்வை அதிகமா இருக்க மண்ணுக்கு 5, குறைஞ்ச மண்ணுக்கு 1ன்னு மாத்தினேன். கரிசல் 3-1 மேல ஏறுச்சு. செவ்வல் மணல் 8-3 கீழ போச்சு. பழைய மேப்பைத் தூக்கிக் குப்பையில போட்டேன்.

புது மேப்புல கீழக் குட்டை கரும்பச்சை. மேட்டுக் குட்டை சிவப்பு. கோயில் குட்டை மஞ்சள்.

கலர் பிரிண்ட் எடுத்து தம்பி ஒருத்தன் டீக்கடைச் சுவத்துல ஒட்டிட்டான். ஞாயித்துக்கிழமைக்கு ஜேசிபி சொல்லியாச்சு. ஊராட்சியில எழுதிக் கொடுத்து ஒப்புதலும் வாங்கியாச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி நான் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். கிட்டத்தட்ட மாப்பிள்ளை மாதிரி. :)

சனிக்கிழமை காலையில முதல் அடி டீக்கடையில விழுந்துச்சு. மேலத்தெரு அக்கா ஒருத்தங்க சட்டுனு கேட்டாங்க. "ஏன் தம்பி, எங்க பக்கத்துக் குட்டைக்கு மட்டும் செவப்பு அடிச்சிருக்க? எங்க தெருவுன்னா மட்டமா?" நான் "அது மண்ணோட மார்க்கு அக்கா"ன்னு இழுத்தேன். "எப்பவும் எதுனாலும் கடைசியில எங்க தெருவுக்குத்தான் வருது. இப்ப கம்ப்யூட்டரும் அதத்தான் சொல்லுதா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. டீ இறங்கலைங்க. ஊர்ல தெருவுக்கு வரிசை போடுறதுன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் மண்ணுக்குத்தான் எண் போட்டேன். சுவத்துல ஒட்டினதும் அது தெருவுக்குப் போட்ட எண்ணா மாறிடுச்சு.

*

ரெண்டாவது அடி வீட்டுல. எங்க பெரியப்பா முப்பது வருஷம் தலையாரியா இருந்தவர். கணக்குப்பிள்ளை காலத்துலயும் வேலை பார்த்திருக்கார், விஏஓ வந்தப்புறமும் பார்த்திருக்கார். சர்வே சங்கிலியோட ஒரு முனை அவர் கையிலதான் இருக்கும். கண்ணு இப்ப சரியா தெரியறதில்லை. மேப்பை மடியில விரிச்சு, எது எந்தக் கலர்னு நான் சொல்லச் சொல்ல கேட்டுக்கிட்டார்.

"கீழக் குட்டைக்கு எப்படிடா அஞ்சு மார்க்கு போட்ட?"

"அ-பதிவேட்டுல தரம் பார்த்துப் போட்டேன் பெரியப்பா. 3-1. அதுதான் ஊர்லயே உசந்த மண்ணு."

"எதுக்கு உசந்த மண்ணு?"

நான் முழிச்சேன்.

"அந்தத் தரம் வரிக்குப் போட்டதுடா தம்பி. எந்த மண்ணுல வெளைச்சல் அதிகம், எவன்கிட்ட எவ்வளவு தீர்வை வாங்கலாம்னு பார்த்துப் போட்டது. கரிசல் ஈரத்தைப் புடிச்சு வச்சுக்கும், அதனால வெளையும், அதனால வரி கூட. நீ தண்ணிய உள்ள எறக்கணும்ன்ற. புடிச்சு வச்சுக்கிற மண்ணுல போயி எறக்குறேன்றியே? கீழக் குட்டையில தண்ணி நிக்கும். எறங்காது. அதனாலதானே மாடு அங்க கெடக்குது?"

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "உனக்கு நிக்கிற தண்ணி வேணுமா, எறங்குற தண்ணி வேணுமா? அதை மொதல்ல சொல்லு. அப்புறம் மார்க்கு போடு."

எனக்கு அப்படியே சப்புனு ஆயிடுச்சு. ஏன்னா அவர் சொன்னது நான் படிச்சிருந்த விஷயம்தான். 1850களோட கடைசியில மதராஸ் மாகாணத்துல சர்வே, செட்டில்மெண்ட்டுன்னு தனியா ஆரம்பிச்சு, ஊர் ஊரா மண்ணை வகை பிரிச்சாங்க. ஒவ்வொரு வகை மண்ணுலயும் ஏக்கருக்கு எவ்வளவு தானியம் வரும்னு மதிப்புப் போட்டு, அதைப் பணமா மாத்தி, பருவம் பொய்க்கிறதுக்கும் சாகுபடிச் செலவுக்கும் கழிச்சு, மிச்சத்துல பாதி சர்க்காருக்குன்னு கணக்கு. ஒரே மாதிரி வருமானம் தர்ற மண்ணையெல்லாம் சேர்த்து ஒரு "தரம்". யோசிச்சுப் பாருங்க, நான் கம்ப்யூட்டர்ல செஞ்ச அதே வேலைதான். சொல்லை எண்ணா மாத்தி, எண்ணை வரிசையாக்கி, வரிசையை ரூபாயாக்கியிருக்கான். அவன் கேள்வி, "எவ்வளவு வரி தாங்கும்?" என் கேள்வி, "எவ்வளவு தண்ணி இறங்கும்?" அவன் கேள்விக்கு எழுதின பதிலை என் கேள்விக்குக் காப்பியடிச்சுட்டேன்.

இதுல கூத்து என்னன்னா, எண்ணை அப்படியே போட்ட அந்த முதல் மேப், தப்பான வழியில போய் தற்செயலா சரியான இடத்துல நின்னிருந்துச்சு. நான் யோசிச்சு, "திருத்தி", கெடுத்தேன். வெத்து அறியாமையை விட அரைகுறைப் படிப்பு மோசம்னு சும்மாவா சொன்னாங்க.

*

பெரியப்பா சொன்னா மட்டும் ஊர் ஒத்துக்குமா? சோதிச்சுப் பார்த்துடுவோம்னு சனிக்கிழமை சாயங்காலம் பசங்களோட கிளம்பினோம். கீழக் குட்டையில ஒன்னு, மேட்டுக் குட்டையில ஒன்னு, ஒரு அடி ஆழம் ஒரு அடி அகலத்துக்குக் குழி. முதல்ல ரெண்டையும் நல்லா நனைச்சு விட்டோம், காஞ்ச மண்ணு முதல் குடத்தை சும்மா குடிச்சிரும்ன்றதால. அப்புறம் ஆளுக்கு ஒரு குடம் தண்ணி. செல்போன்ல நேரம் பார்த்தோம். மேட்டுக் குட்டையில கால் மணி நேரத்துல குழி காலி. கீழக் குட்டையில மறுநாள் காலையில போய்ப் பார்த்தா, தண்ணியில ஒரு தவளை உக்காந்து எங்களைப் பார்த்துச்சு.

உலக உணவு வேளாண் நிறுவனத்தோட பாசனக் கையேட்டுல இதுக்குக் கணக்கே இருக்கு. மணல்ல மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல தண்ணி இறங்கும். மணல் அதிகமா கலந்த மண்ணுல 20ல இருந்து 30. ரெண்டும் கலந்த மண்ணுல 10ல இருந்து 20. களி அதிகமா கலந்ததுல 5ல இருந்து 10. சுத்தக் களியில 1ல இருந்து 5. என் 1-2-3-4-5 மார்க்கை இது பக்கத்துல வச்சுப் பாருங்க. வரிசையை சரியாத் திருப்பிப் போட்டாக்கூட, மணலுக்கு 5, களிக்கு 1ன்னா, அஞ்சு மடங்குன்னு அர்த்தம் ஆகுது. நிஜத்துல பத்து மடங்குக்கு மேல கூட போகும். வரிசை தெரிஞ்சா இடைவெளியும் தெரிஞ்சதா அர்த்தம் இல்லை.

நம்ம பக்கத்துல ஒரு பழமொழி உண்டே, நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோடன்னு. நடவு இடைவெளி சொல்றது. நண்டு, வண்டி, தேர்னு வரிசை இருக்கு. ஆனா நண்டுக்கு 1, வண்டிக்கு 2, தேருக்கு 3ன்னு போட்டு, "தேர் அகலம் மூணு நண்டு அகலம்"னு தென்னங்கன்னு நட்டா என்ன ஆகும்? அதைத்தான் நான் மண்ணுல செஞ்சேன்.

ஸ்டீவன்ஸ்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர் 1946லயே இதை எழுதி வச்சுட்டார். எண்ணுன்னு எழுதிட்டா எல்லாம் ஒரே எண்ணு இல்லை. சிலது வெறும் பேரு. சிலது வரிசை மட்டும். சிலதுல இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு. சிலதுலதான் "இது அதைப் போல ரெண்டு மடங்கு"ன்னு சொல்ல முடியும். எங்க சுண்ணாம்புக்கல்லுக்குக் கூட இது பொருந்தும். மோஸ் கடினத்தன்மை அளவுல சுண்ணாம்புக்கல்லுல இருக்க கால்சைட்டுக்கு 3, வைரத்துக்கு 10. 9க்கும் 10க்கும் ஒரு எண்தான் வித்தியாசம். ஆனா அந்த 10ல இருக்க வைரம், 9ல இருக்க குருந்தக்கல்லை விடப் பல மடங்கு கடினம்.

நிலத்தடி நீர் விஷயத்துலயும் இதைப் பார்க்கலாம். வருஷத்துக்கு ஊறுற தண்ணியில எவ்வளவு சதவீதம் எடுக்குறோம்னு குறுவட்டம் குறுவட்டமா கணக்குப் போடுறாங்க. 70 வரைக்கும் பாதுகாப்பு. 70ல இருந்து 90 கவனம் தேவை. 90ல இருந்து 100 அபாயம். 100க்கு மேல அளவுக்கு மீறி எடுத்தாச்சு. 101ம் 200ம் ஒரே சிவப்பு. 69ம் 71ம் வேற வேற கலர். அதோட, உவர்நீர்ப் பகுதின்னு இன்னொரு வகையும் உண்டு. அது இந்த வரிசையிலயே வராது, ஏன்னா அது "எவ்வளவு எடுத்தோம்"ன்ற கேள்விக்கான பதிலே இல்லை. "எப்படிப்பட்ட தண்ணி"ன்ற கேள்விக்கான பதில். நம்ம மாதிரி ஆளு அவசரத்துல உவருக்கு 5ன்னு போட்டுட்டா, கம்ப்யூட்டர் அதை மத்த நாலுக்கும் அடுத்த படின்னு நினைச்சுக்கும்.

*

சனிக்கிழமை ராத்திரி உக்காந்து மேப்பைத் திரும்பப் போட்டேன். அப்ப இன்னும் ரெண்டு ஓட்டை கண்ணுல பட்டுச்சு. உங்கள்ல யாராவது இந்த வேலை பண்ணா உதவும்னு சொல்றேன்.

ஒன்னு, குட்டைங்க எல்லாம் புறம்போக்கு. புறம்போக்குக்குத் தீர்வை கிடையாது, அதனால பதிவேட்டுல மண் ரகமும் கிடையாது. வெறும் கோடுதான். அந்தக் கோட்டை என் மென்பொருள் சில இடத்துல 0ன்னு எடுத்துக்கிட்டு இருந்திருக்கு. "தெரியாது"ன்றது "மோசம்" ஆயிடுச்சு. தெரியாததைத் தெரியாததாவே விட்டுட்டு, பக்கத்துப் புலத்தைப் பார்த்து, நேர்ல போய் மண்ணைக் கையில அள்ளிப் பார்த்து எழுதணும்.

ரெண்டு, வீட்டு மனைக்கு நான் 1 மார்க் கொடுத்திருந்தேன். குறைச்சலா கொடுத்தாச்சே, போதும்னு. ஆனா எல்லாத்தையும் கூட்டுறோம் இல்லையா, மத்த பாடத்துல அஞ்சஞ்சு வாங்கி மாரியம்மன் கோயில் வாசல் பாஸாகி இருந்துச்சு. அங்க தோண்டினா எங்களைத் தோண்டிப் புதைச்சிருப்பாங்க. கூடவே கூடாதுன்ற இடத்துக்குக் குறைஞ்ச மார்க் போடக்கூடாது, பரீட்சைக்கே உள்ள விடக்கூடாது. அதை முதல்லயே வெட்டி எடுத்துடணும்.

இந்தத் தடவை மேப்புக்கு மேல கொட்டை எழுத்துல கேள்வியை எழுதினேன்: "மழைத்தண்ணி பூமிக்குள்ள எங்க வேகமா இறங்கும்?" மார்க் எதுவும் எழுதலை. "மெதுவா", "நடுத்தரம்", "வேகமா" அவ்வளவுதான். சிவப்பு, பச்சை எதுவும் வேண்டாம், நீலத்துலயே வெளிர், அடர்த்தின்னு போட்டேன்.

ஞாயித்துக்கிழமை ஜேசிபி மேட்டுக் குட்டைக்குப் போச்சு. "ஓட்டைக் குட்டை"ன்னு நாங்க எல்லாரும் கேலி பண்ணோமே, அந்த ஓட்டைதான் எங்களுக்குத் தேவைப்பட்டதே! மேலத்தெரு அக்கா வந்து நின்னு பார்த்தாங்க. நான் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். "விடு தம்பி, மொதல்லயே எங்களக் கேட்டிருந்தா சொல்லியிருப்போம், அதுல தண்ணி நிக்காதுன்னு"ன்னாங்க. இருநூறு புலம், மூணு வாரம், நாலு அடுக்கு... ம்ஹூம். ஒரு வார்த்தை கேக்கலை நான்.

மிச்சம் இருந்த கொஞ்சப் பணத்துல கீழக் குட்டையோட கரையை மட்டும் பலப்படுத்தினாங்க. அது நிக்கிற தண்ணிக்கு. மாடு கண்ணுக்கு அதுதான் முதல் ரேங்க்.

அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில நல்ல மழை. குட்டை ரொம்பிச்சு, வத்துச்சு, திரும்ப ரொம்பிச்சு. கீழ்க்கையில இருக்க கிணறுங்கள்ல தை மாசம் வரைக்கும் தண்ணி மேலயே நின்னுச்சுன்னு சொல்றாங்க. மழையால நின்னுச்சா, குழியால நின்னுச்சான்னு கேட்டா, ஒரு வருஷத்தை வச்சு நான் பெருமையடிக்க மாட்டேன். இப்ப கிணத்துச் சுவத்துல பெயிண்ட்டுல அடி அடியா கோடு போட்டு வச்சிருக்கோம். மாசா மாசம் ஒரு பையன் பார்த்து எழுதுறான். அது நிஜமான எண்ணு. கூட்டலாம், கழிக்கலாம், சராசரியும் எடுக்கலாம். :)

டீக்கடைச் சுவத்துல இருந்த அந்தப் பழைய மேப்பை நான் கிழிச்சு எடுத்துட்டு வந்துட்டேன். என் மேசைக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன். அடியில பெரியப்பா கேட்டதை எழுதியிருக்கேன். எதுக்கு உசந்த மண்ணு?

இப்பல்லாம் எதுக்காவது ஒன்னு, ரெண்டு, மூணுன்னு வரிசை போட்டிருந்தா, பள்ளிக்கூடமோ ஊரோ மனுஷனோ, எனக்கு இந்தக் கேள்விதான் முதல்ல வருது. உங்களுக்கும் அப்படி ஏதாவது அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.

பி.கு: தலைப்புல கேட்ட கேள்விக்குப் பதில் தெரியலைன்னு கேக்காதீங்க. நிக்கிற தண்ணிக்கு 3-1, எறங்குற தண்ணிக்கு 8-3. வரிக்கு என்னன்னு தெரியணும்னா உங்க வீட்டு அ-பதிவேட்டை எடுத்துப் பாருங்க.